திறக்க மறுத்த கத்தி

கத்தியைத் திறக்க விக்கி எடுத்த மூன்றாவது முயற்சியில், அவனுடைய கட்டைவிரல் நகம்தான் திறந்துகொண்டது.

“ஐயோ நைனா!” என்று கையை உதறினான். “மேடம், இது கத்தியே இல்ல. கத்தி மாரி இழைச்ச வெறகுக்கட்டை.”

மணிமொழி திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், அடையாறு காந்தி நகரில் ஒரு ஜூஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள் அவள். விக்கி அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியன். ஸ்கூட்டர் ஓட்டுவது, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பது, தேவையில்லாத நேரத்தில் ஜோக் அடிப்பது எல்லாம் அவன் இலாகா. முதல் இரண்டுக்கு மட்டும்தான் சம்பளம் என்று மணிமொழி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் ஒரு கல்யாணப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்குச் சிவப்பு, கையகல ஜரிகைக் கரை. விரித்துப் போட்டிருந்த மேசையே போதாத அளவுக்கு அழகு. ஆனால் நடு உடம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நீளமாக ஒரே கிழி.

தி.நகர் பனகல் பார்க் பின்புறத் தெருவில், சொர்ணம் பட்டு மாளிகையின் மூன்றாவது மாடி. முதலாளி அறை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் முதலாளி சொர்ணம். ஐம்பதைத் தாண்டியவர், வைரத்தோடு, சரியாகத் தூங்காத கண்கள். உட்கார முடியாமல் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தவர் அவருடைய தம்பி ஆனந்தகுமார். கடைக்குச் சரக்கு வாங்குவது அவர் பொறுப்பு. கத்துவதும்.

“இதுல துப்பறிய என்ன இருக்குங்கேன்?” என்றார் ஆனந்தகுமார். “முந்தாநாள் சாயங்காலம் இந்தப் புடவைய ரூம்ல கொண்டாந்து வச்சது பொன்னுரங்கம். மறுநாள் காலையில வந்து பாத்தா புடவை கிழிஞ்சு கிடக்கு. மேசைக்கு அடியில அவன் கத்தி கிடக்கு. அடையாத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க போன் மேல போன் போடுதாங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். இன்னைக்குச் சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குப் போறேன். அவ்வளவுதான்.”

“நேத்தே போயிருக்கலாமே சார்?” என்றாள் மணிமொழி.

“அக்காதான் வேண்டாம்னாங்க.”

மணிமொழியின் பார்வை சொர்ணத்தின் பக்கம் போனது. அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, “கடைப் பேரு கெட்டுரும்லா” என்றார் மெதுவாக.

அறையின் மூலையில், சுவரோடு ஒட்டி நின்றார்கள் பொன்னுரங்கமும் அவர் மகள் அன்புச்செல்வியும். பொன்னுரங்கம் அந்தக் கடையின் மூத்த விற்பனையாளர். ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட பிறகும், இரண்டு பஸ் மாறி நேரத்துக்கு வந்துவிடுகிற மனிதர். இரண்டு நாளாக அவரை வேலைக்கும் விடவில்லை, வீட்டுக்கு அனுப்பும்போதும் பையைச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். பகல் முழுக்க கோடவுனில் ஒரு ஸ்டூல். இன்று காலை ஜூஸ் கடை மாடியேறி வந்து, “எங்கப்பா இத்த செய்யலக்கா, நீங்க கொஞ்சம் வாங்க” என்று கேட்டவள் அன்புச்செல்விதான்.

“கத்தி உங்களுதா?” என்றாள் மணிமொழி.

“என்னுதுதாம்மா. இல்லன்னு நான் சொல்லவே இல்லியே.” பொன்னுரங்கத்தின் குரலில் பயத்தைவிட அசதிதான் அதிகம். “ஃபாரின் கத்தி. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல வாங்கினேன். மேன்ஷன காலி பண்ணிக்கினு போன எவனோ ஒரு பையன் வித்துட்டுப் போனதாம். பாக்க ஒண்ணுமே இல்லாத மாரி இருக்கும். ஆனா கொய்யாக்கா வெட்டினா, வெட்டினதே தெரியாது. சோறு துன்னப்புறம் எல்லாருக்கும் அதுலதான் வெட்டிக் குடுப்பேன்.”

“இப்போ ஏன் திறக்க மாட்டேங்குது?”

“போன வாரம் மழைல பை நனைஞ்சு பூட்ச்சு. அப்பலேந்து அது வாயத் தொறக்கல. நானும் இழுத்துப் பாத்தேன், பல்லால கூட கடிச்சேன். செல்ஃபுல டிபன் பாக்ஸ் பக்கத்துல போட்டு வெச்சேன். அத்த யாரு எடுத்தாங்கோ, எப்ப எடுத்தாங்கோ, சத்தியமா தெரியாதும்மா.”

“பசை போட்டு ஒட்டியிருப்பான்!” என்றார் ஆனந்தகுமார்.

விக்கி கத்தியைக் காதருகே ஆட்டிப் பார்த்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற வழுவழுப்பான மரப்பிடி. அதன் கழுத்தில் ஓர் இரும்பு வளையம், திருகினால் சுற்றியது. பிடியின் பிளவுக்குள் அலகு ஆழமாக மடங்கிக் கிடந்தது. நகம் வைக்க ஒரு சிறு பள்ளம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பள்ளம்தான் அவன் நகத்தை வாங்கியது.

மணிமொழி புடவைக்குத் திரும்பினாள். கிழிசலின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய், கரையருகே நின்றாள். அங்கே ஜரிகையோடு சேர்த்து ஒரு சிறு துண்டு இல்லை. விரலகலத்துக்குச் சதுரமாக, கோடு போட்டதுபோல வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மேசையின் கீழே பார்த்தாள். குப்பைக்கூடையில் பார்த்தாள். துண்டு எங்குமில்லை. பிறகு, சாமி கும்பிடுவதுபோலச் சுவரிலிருந்த முருகன் படத்தின் முன்னால் போய் நின்றாள். படத்தின் கீழே சூடத்தட்டு. அதன் கரிக்குள்ளிருந்து எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள். மிளகளவு கறுப்பு மணி. நசுக்கினாள், நசுங்கவில்லை. பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் விபூதியைக்கூட ஊதிவிட்டு வருகிறவள் மணிமொழி என்பது விக்கிக்குத் தெரியும். எதையோ பிடித்துவிட்டாள்.

“இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு” என்றார் சொர்ணம். “ஆனா கடை மூடுத வரைக்கும் திறந்துதான் கிடக்கும்.”

“கத்தியை நான் சாயங்காலம்வரை வெச்சுக்கலாமா?”

“அதெப்படி! அது எவிடென்ஸ்!” ஆனந்தகுமார் பாய்ந்தார்.

“கொண்டு போகட்டும், ஆனந்து” என்றார் சொர்ணம், இன்னும் மழையைப் பார்த்தபடியே.

*

“மேடம், கேஸ் முடிஞ்சிச்சு” என்றான் விக்கி, ஸ்கூட்டரை எல்டாம்ஸ் ரோடு பக்கம் திருப்பியபடி. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்ததில் நேர்வழி என்று ஒன்று அந்தப் பேட்டைக்கே இல்லை. “தொறக்காத கத்தியால புடவைய கிழிக்க முடியாது. பெருசு ரிலீஸ். அந்த ஆனந்தகுமார்தான் ஆளு. மூஞ்ச பாத்தியா நீ… பாத்தீங்களா? சாம்பார்ல உப்பு இல்லன்னாலும் எஃப்.ஐ.ஆர். போடற மூஞ்சு.”

“மூஞ்சை வெச்சு ஆளைப் பிடிக்கறதுன்னா முதல்ல உன்னைத்தான் பிடிக்கணும்” என்றாள் மணிமொழி. “கத்தி நிஜமாவே மாட்டிக்கிச்சா, மாட்ட வெச்சாங்களா? அது தெரியணும். இந்தக் கத்தியைப் பத்தித் தெரிஞ்சவங்க ஊர்ல யாராவது இருக்காங்களா?”

“கீறாங்களே! நெட்ல பாத்தேன். ‘மடக்குக் கத்தி ரசிகர்கள்’னு ஒரு குரூப்பு. வெளிநாட்டுலேந்து கம்மி வெலைக் கத்தியா வரவெச்சு மெம்பருங்களுக்குத் தராங்கோ. அட்மின் மயிலாப்பூர்ல. லஸ் கார்னர்கிட்ட.” விக்கி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினான். “ஒரே சின்ன பிரச்சினை. அவரு பல் டாக்டரு.”

டாக்டர் சுப்புராயனின் கிளினிக்கில் ஒரு நோயாளி வாயைப் பிளந்து படுத்திருந்தார். டாக்டர் கையில் ட்ரில் சுழன்றுகொண்டிருந்தது. “வெளியில உக்காருங்கோ, கூப்பிடறேன்” என்று தலை நிமிராமல் சொன்னவர், மணிமொழி நீட்டிய கத்தி கண்ணில் பட்டதும் ட்ரில்லை அணைத்துவிட்டார்.

“அடடே! எங்கே பிடிச்சேள் இதை? பழைய மாடலாச்சே!” கையுறையைக் கழற்றிவிட்டுக் கத்தியை வாங்கினார். “வாயைத் திறந்தே வெச்சுக்கோங்கோ சார், இதோ வந்துட்டேன்.”

நோயாளி “ஆ… ஆ…” என்றார். சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

“இது ரொம்ப விலையா டாக்டர்?” என்றாள் மணிமொழி.

“அதுதான் இதோட பெருமையே!” டாக்டரின் முகம் மலர்ந்தது. “புதுசாவே ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்கும். பிரான்ஸ்ல மலைப்பக்கம் ஆடு மேய்க்கறவா, திராட்சைத் தோட்டத்துல வேலை பண்றவா பாக்கெட்டுல வெச்சிண்டிருந்த கத்தி. தலைமுறை தலைமுறையா அதே டிசைன். அலங்காரம்னு ஒண்ணு கிடையாது. சாதாரண மரம், ஒரு வளையம், ஒரு ஆணி. காசு பூராவும் அலகுல போட்டிருக்கான். கரி எஃகு. எலுமிச்சம்பழம் நறுக்கினா கறுத்துப் போகும், ஈரத்துல வெச்சா துரு ஏறும். ஆனா ஒரு சாதாக் கல்லுல நாலு தேய் தேய்ச்சா, சவரம் பண்ணலாம்.”

மேசை இழுப்பறையைத் திறந்தார். பல் பிடுங்கும் கொறடுகளுக்குப் பக்கத்திலேயே வரிசையாகக் கத்திகள்.

“இதப் பாருங்கோ, ஜப்பான். பித்தளைத் தகட்டை மடிச்சா பிடி. பூட்டுகூடக் கிடையாது, பின்னால இந்தச் சின்ன வாலைக் கட்டைவிரலால அமுக்கிண்டா போதும். இதுவும் கம்மி விலைதான். பென்சில் சீவிப் பாத்தேள்னா அசந்துடுவேள்.” பிறகு வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். மாட்டுக்கொம்புப் பிடி, அலகு முழுக்க நீரலை போன்ற கோலம். “இது ஒருத்தர் ஆசையா கிஃப்ட் பண்ணினது. விலையைக் கேட்டா பல்லுக்கு கேப் போட்டுண்டுடலாம்.”

“செம பீஸு!” என்றான் விக்கி.

“அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆத்துல கொண்டு போய் ரெண்டு நாள் காய் நறுக்கி, நன்னாத் தேய்ச்சு அலம்பினேன். டிசைன் அலம்பிண்டு போயிடுத்து! மேலாக அச்சடிச்சிருக்கான். அடியில இருக்கறது கரண்டி பண்ற தகரம். வெண்டைக்காய் அதைப் பாத்துச் சிரிக்கறது.”

மணிமொழி அந்த வெல்வெட் பெட்டியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “மேல மினுக்கு, உள்ள வேற” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, “இந்தக் கத்தி ஏன் திறக்கல டாக்டர்? யாராவது பசை வெச்சிருக்காங்களா?”

டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டார். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பிடியின் பிளவுக்குள் சரித்து, கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தார்.

“பசையெல்லாம் ஒண்ணுமில்லை. மரம் ஊறிப் பருத்திருக்கு. அலகைக் கவ்விண்டுடுத்து. மெட்ராஸ் மழைக்கு இது சகஜம்.” விக்கி வெற்றிப் பார்வை பார்த்தான். ஆனால் டாக்டர் இன்னும் நிமிரவில்லை. “இருங்கோ… ஆணிகிட்ட என்னமோ மினுக்கறதே. நூலா? தங்கக் கலர்ல… ஜரிகை மாதிரின்னா இருக்கு!”

விக்கியின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்போ புடவைய கிழிச்சது இதேதானா?”

“ஆ… ஆ…” என்றார் நோயாளி.

“பொறுங்கோ சார். அவா ஏதோ கொலைக் கேஸ் மாதிரி இருக்கு.”

“மரம் ஊறின அப்புறமும் இதைத் திறக்க வழி இருக்கா டாக்டர்?” மணிமொழியின் குரல் தாழ்ந்திருந்தது.

“ஏன் இல்லாம? ரொம்ப சிம்பிள். அந்த ஊர்க்காரா எல்லாருக்கும் தெரியும். காட்டட்டுமா?”

“இதுல வேண்டாம். இதை அப்படியே விட்டுடுங்க. வேற ஒண்ணுல காட்டுங்க.”

டாக்டர் தன்னுடைய கத்திகளில் மாட்டிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தார். வளையத்தைத் திருகினார். பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ‘டொக்’ என்று ஒரு தட்டு. அலகின் முனை, கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அணில் மூக்குபோல வெளியே வந்தது. அதைப் பிடித்து இழுத்து முழுசாக விரித்தார்.

“அவ்ளோதானா?” என்றான் விக்கி, தன் நகத்தைப் பார்த்தபடி.

“அவ்வளவுதான். தெரிஞ்சவனுக்கு ஒரு தட்டு. தெரியாதவனுக்கு ஒரு பல்லு போயிடும், அப்புறம் என்கிட்டதான் வரணும்.”

வெளியே வந்ததும் விக்கி ஹெல்மெட்டைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். “பெருசு நம்மகிட்ட பொய் சொல்லிச்சா மேடம்? அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கறது?”

மணிமொழி போனில் அன்புச்செல்வியைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதில் வரும்வரை காத்திருந்து, போனை வைத்தாள்.

“கடைப் பசங்ககிட்ட விசாரிக்கச் சொன்னேன். மழையில நனைஞ்ச நாள்லேர்ந்து பொன்னுரங்கமும் அவங்களும் கொய்யாவைக் கடிச்சுத்தான் தின்னுருக்காங்க. ஒரு தட்டுல திறக்கத் தெரிஞ்ச மனுஷன் ஏன் கடிச்சுத் தின்னணும்? கத்தி அவருது. வித்தை வேற யாருதோ.”

“அந்த ரூம் சாவி வெச்சிருக்கற ஒருத்தருது” என்றான் விக்கி. “பிரியாணி பந்தயம். ஆனந்தகுமார்.”

மணிமொழி பந்தயத்துக்குக் கை கொடுக்கவில்லை.

*

அதே அறை, அதே ஆறு பேர். ஆனந்தகுமார் காவல் நிலையத்துக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். மணிமொழி கத்தியை மேசை நடுவில் வைத்தாள்.

“இதுல ஜரிகை நூல் மாட்டியிருக்கு. புடவையைக் கிழிச்சது இதே கத்திதான்.”

அன்புச்செல்வியின் முகம் வெளிறியது. “அக்கா!”

“பாத்தியா, நான் சொன்னேம்லா!” ஆனந்தகுமார் கத்தினார்.

“சொன்னீங்க. யாராவது இதைத் திறந்து காட்டினா, நூலை எடுத்துப் புடவையோட ஒத்துப் பாத்துடலாம். பொன்னுரங்கம், நீங்க முதல்ல.”

பொன்னுரங்கம் கத்தியை வாங்கினார். விரலால் நெம்பினார். வேட்டி நுனியால் பிடித்து இழுத்தார். மகள் முன்னால் பல்லால் கடிக்க வெட்கப்பட்டு, அப்புறம் கடித்தும் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. “வரலம்மா” என்று கீழே வைத்தார்.

“நடிக்கான்! கொண்டா, நான் திறக்கேன்.”

விக்கி தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்தான். தட்டு, தட்டு, ஒரே ஒரு தட்டு என்று பிரியாணியை நினைத்து மனசுக்குள் கட்டளையிட்டான். ஆனந்தகுமார் தட்டவில்லை. இழுத்தார், முறுக்கினார், சுவரில் அழுத்தினார், முகம் சிவந்தார். கடைசியில் மேசைமேலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து, அதன் முனையைப் பிளவுக்குள் செருகி நெம்ப ஆரம்பித்தார். மரம் ‘கிறுக்’கென்றது.

“ஏய், உடைச்சிராதல! எவ்வளவு நல்ல கத்தி! இங்கன கொண்டா!”

சொர்ணம் நாற்காலியை விட்டு எழுந்து, தம்பி கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். வளையத்தை ஒரு திருகு. மேசை விளிம்பில் ‘டொக்’. அலகு முனை வெளியே வந்தது. பிடித்து விரித்தார். கறுத்த எஃகின் அடியில், ஆணியைச் சுற்றி, ஒரு தங்க இழை.

அதற்குப் பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. விரித்த கத்தியோடு அப்படியே நின்றார்.

கீழே கடையில் யாரோ விலை கேட்பதும், லிஃப்ட் கதவு மூடுவதும் அறைக்குள் கேட்டன.

மணிமொழி பர்ஸிலிருந்து அந்தக் கறுப்பு மணியை எடுத்துப் புடவைமேல் வைத்தாள். “சூடத்தட்டுல கிடைச்சுது. நிஜப் பட்டு எரிஞ்சா முடி கருகற வாசனை வரும், சாம்பல் விரல்ல பொடியும். பாலியெஸ்டர் எரிஞ்சா உருகி இப்படிக் கல்லு மாதிரி இறுகும். கரையில ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்ததைப் பாத்ததும் நினைச்சேன். ஆத்திரத்துல கிழிக்கறவங்க சதுரமா வெட்ட மாட்டாங்க. யாரோ இதைச் சோதிச்சிருக்காங்க. யாருன்னு மட்டும்தான் தெரியல.”

“எவ கலப்படம்னா?” ஆனந்தகுமார் சத்தமாகத்தான் தொடங்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாக்கியம் முடியவில்லை.

“உக்காரு ஆனந்து” என்றார் சொர்ணம். கத்தியைக் கவனமாக மடக்கி வைத்தார். “எம் மக பிரான்ஸ்ல படிக்கா. இதே மாதிரி ஒண்ணு கொண்டாந்து குடுத்தா. முருங்கைக்கா நறுக்க அதுக்கு மேல ஒண்ணு இல்ல. மழைக்காலமானா மொரண்டு பிடிக்கும்; எப்படித் தட்டணும்னு அவதான் வீடியோ கால்ல சொல்லிக் குடுத்தா.” ஒரு மூச்சு விட்டார். “அன்னைக்குச் சாயங்காலம் புடவைய மடிச்சுப் பாக்கப்போ, கைக்குச் சரியாப் படல. வழுக்கிச்சு. தையல் செக்‌ஷன் பூட்டிட்டுப் போயிட்டாங்க, கத்தரிக்கோல் இல்ல. வெளிய செல்ஃபுல இது கிடந்துச்சு. ஒரு துண்டு எடுத்து எரிச்சேன். உருகிச்சு. எங்கப்பா ஆரம்பிச்ச கடையோட பெட்டிக்குள்ள, ஒரு பொண்ணு மணவறையில கட்டப்போற புடவை, நைலான் கயிறு மாதிரி உருகிச்சு.”

“அக்கா, மார்க்கெட்ல எல்லாரும் கலக்காங்கக்கா, ஒரே ஒரு லாட்டுதான்…” ஆனந்தகுமாரின் குரல் எங்கோ போய்விட்டது.

“குடுத்தா ஏமாத்து. குடுக்கலன்னா ஏன்னு கேப்பாங்க. தம்பியக் காட்டிக் குடுக்கணும். கிழிஞ்சு போச்சுன்னு சொல்லி வேற நல்ல பட்டு குடுத்துரலாம்னு தோணிச்சு. வந்த ஆத்திரத்துல ஒரே இழுப்பா இழுத்துட்டேன். கத்திய மடக்கி வீசினேன், எங்க விழுந்துச்சுன்னுகூடப் பாக்கல. காலையில இவன் பொன்னுரங்கத்தக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துதான்…”

“நீங்க சொல்லல” என்றாள் அன்புச்செல்வி.

இதுவரை சுவரோரம் நின்றவள் மேசைக்கு வந்திருந்தாள். “ரெண்டு நாளு. எங்கப்பா கோடவுன்ல ஸ்டூல்ல குந்திக்கினு இருந்தாரு. ராத்திரி சோறு எறங்கல. நீங்க இங்க ஏசில குந்திக்கினு, தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தீங்க. உங்க தம்பி பேரு கெடக்கூடாது. எங்கப்பா பேரு கெட்டா பரவால்ல. இல்ல?”

சொர்ணம் பதில் தேடவில்லை. “ஆமாம்மா” என்றார். “இன்னைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு இருந்தேன். தைரியம் வரல. அது தப்புதான்.” பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. செய்யுதேன்.”

பொன்னுரங்கம் மகளைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

“இங்க ரூம்ல சொன்னா இன்னாம்மா பிரயோஜனம்? உங்க தம்பி என் கையப் புடிச்சு இஸ்துக்கினு வந்தது கிரவுண்டு ஃப்ளோருல. கஸ்டமர்ங்க பாத்தாங்கோ, பில்லு போடற பொண்ணுங்க பாத்தாங்கோ, நான் தொழில் கத்துக் குடுத்த பசங்க பாத்தாங்கோ. அங்க வந்து சொல்லுங்க.”

“அக்கா, கீழ வேண்டாம், கஸ்டமர் இருக்காங்க, மாலை நேரக் கூட்டம்…” ஆனந்தகுமார் கதவை மறித்தார்.

“தள்ளு” என்றார் சொர்ணம்.

தரைத்தளத்தில் தீபாவளி முடிந்தும் குறையாத கூட்டம். தள்ளுபடி அறிவிக்கிற பெண்ணின் கையிலிருந்து மைக்கை வாங்கினார் சொர்ணம். கடை முழுக்க ஒலிபெருக்கி. இரண்டு முறை வாய் திறந்து, இரண்டு முறையும் சத்தம் வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.

“நான் இந்தக் கடை முதலாளி சொர்ணம் பேசுதேன். எங்க கடையில ஒரு கல்யாணப் புடவை கிழிஞ்சு போச்சுன்னு, எங்க பொன்னுரங்கம் அண்ணாச்சி மேல பழி போட்டோம். அவர் செய்யல. கிழிச்சது நான். அது சுத்தப் பட்டு இல்லங்கறதால கிழிச்சேன். அந்த லாட்டுல வாங்கினவங்க யாரா இருந்தாலும் கொண்டு வாங்க. மாத்தித் தாரேன். அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்.”

மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. பிறகு, கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் அம்மாள் தன் கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டி, “அப்போ இது?” என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொரு பை. இன்னொன்று. ஆனந்தகுமார் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், இனிமே இந்தக் கடைக்கு யாரு வருவாங்க?” என்று விக்கி கிசுகிசுத்தான்.

“நான் வருவேன்” என்றாள் மணிமொழி.

சொர்ணம் மைக்கைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னுரங்கத்திடம் வந்தார். “உங்க கவுண்டர் காலியாத்தான் கிடக்கு அண்ணாச்சி. எந்தப் புடவை எதுன்னு இப்பப் பாத்துச் சொல்லணும். நீங்க இருந்தா…”

பொன்னுரங்கம் தன் கவுண்டரைப் பார்த்தார். அவர் தொழில் கற்றுக்கொடுத்த பையன்கள் நகர்ந்து வழி விட்டார்கள். பை நீட்டிய அம்மாள்கூட அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னிக்கு நான் லீவும்மா” என்றார் பொன்னுரங்கம். “என் பொண்ணோட மெரினாவுக்குப் போய்க்கினு கீறேன். ரெண்டு நாளா அது சிரிக்கல. நாளைக்கு வரதா வேணாவான்னு அதக் கேட்டுக்கினு சொல்றேன்.”

வேலை செய்கிறவர்கள் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போக வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். பொன்னுரங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலை நோக்கி நடந்தார். வாசல் காவலர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வைக்கிற சல்யூட்டை, விறைப்பாக நின்று, அவருக்கு வைத்தார்.